மோர் கேட்டவள்

என் கண்ணு,

நீ அனுப்பிய மெசேஜ் இரண்டே வரி. "விழுப்புரத்துக்கு டிரான்ஸ்ஃபர் கிடைச்சிருக்கும்மா. மாவிக்கு அஞ்சு மாசம்." ஒன்பது நாளாக அதைத் திறந்து திறந்து பார்க்கிறேன். நான் படித்துவிட்டேன் என்பது உன் போனில் தெரிந்திருக்கும். படித்தும் பதில் வரவில்லையே, இவள் மனசு இன்னும் கல்லாகத்தான் கிடக்கிறது என்று நீ நினைத்திருப்பாய். அப்படி இல்லை. போனை எடுத்தால் எனக்குக் குரல் வரவில்லை. விரலால் தட்டினால் நான் சொல்ல வேண்டியது அதற்குள் அடங்கவில்லை. அதனால்தான் பழைய ரெஜிஸ்டரில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஊர் ஊராக டி.வி.எஸ் ஐம்பது வண்டியில் போய் முப்பது வருஷம் கிராம நர்ஸாகப் பிரசவமும் தடுப்பூசியுமாக எழுதிய கை இது. கடிதம் எழுதிப் பழக்கமில்லை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்.

உனக்கும் மாவிக்கும் நடந்த கல்யாணத்துக்கு நான் வரவில்லை. பெங்களூரில் ரிஜிஸ்டர் ஆபீஸில் நீங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு நான் இங்கே திண்டிவனத்தில் வெறுமனே துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தேன். அதற்கப்புறம் பதினோரு மாசம் நாம் பேசிக்கொள்ளவில்லை. உங்கப்பா இருந்திருந்தால் இவ்வளவு தூரம் விட்டிருக்க மாட்டார். இப்போது நான் சொல்லப்போவது நம் கிறிஸ்தியைப் பற்றி. உனக்குத் தெரிந்த கதைதானே என்று தள்ளிவிடாதே. உனக்குத் தெரிந்தது நான் சொன்ன கதை. நான் சொன்னது பொய் என்று இந்தத் தை மாசத்தில்தான் எனக்கே தெரிந்தது.

சின்ன வயசில் உன்னை மடியில் போட்டுக்கொண்டு எப்படிச் சொல்வேன், ஞாபகம் இருக்கிறதா? என் அப்பாவைப் பெற்ற தாத்தாவுக்கு அம்மா கிறிஸ்தி, ஒரு வெள்ளைக்காரி. டென்மார்க் தேசத்துப் பெரிய வீட்டுப் பெண். கப்பலில் வந்தாள். பாதிரியார் பங்களாவில் தங்கியிருந்தபோது வண்டி ஓட்டிக்கொண்டு வந்த மாணிக்கத்தைப் பார்த்தாள். பார்த்ததும் பட்டுக் கவுனையும் பவுனையும் கழற்றி எறிந்துவிட்டு அவர் பின்னாலேயே வந்துவிட்டாள். ஊரே அவளைத் தொரசாணி என்று கையெடுத்துக் கும்பிட்டது. எனக்கும் உனக்கும் இந்தப் பூனைக்கண் அவளிடமிருந்து வந்ததுதான். இதை நான் வெறும் கதையாகச் சொல்லவில்லை, பெருமையாகச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்தவர்களிடம், என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். என் அப்பா எனக்கு அப்படித்தான் சொன்னார். அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

தை மாசம், பொங்கல் கழிந்த வாரம். மதியம் சர்ச்சிலிருந்து போதகர் ஐயர் போன் பண்ணினார். "அம்மா, டென்மார்க்லேர்ந்து ஒரு வயசான அம்மா வந்திருக்காங்க. கல்லறையில கிறிஸ்தின்னு ஒரு பேரைத் தேடிக்கினு இருக்காங்க. உங்க வூட்டு ஆளுதானே?" என்றார். அரை மணி நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. எழுபது வயசுக்கு மேல் இருக்கும், குட்டையாக வெட்டிய வெள்ளை முடி, பருத்திச் சட்டை, வெயிலில் சிவந்துபோன மூக்கு. இங்கர் என்று பெயர் சொன்னாள். கூடவே இரும்பை கிராமத்திலிருந்து செல்வி என்றொரு பெண். ஆரோவில்லில் வேலை செய்கிறவள், இங்கிலீஷ் தெரியும் என்று துணைக்குக் கூட்டி வந்திருந்தாள். இங்கர் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று என் கண்ணைப் பார்த்தாள். அப்புறம் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாள். ஒரே நிறம். நான் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டேன்.

கிறிஸ்திக்கு ஒரு தங்கை இருந்திருக்கிறாள். அந்தத் தங்கையின் வம்சத்தில் வந்தவள் இந்த இங்கர். கிறிஸ்தி இங்கிருந்து எழுதிய கடிதங்களைத் தங்கை ஒன்று விடாமல் வைத்திருந்தாளாம். அதை எல்லாம் நகலெடுத்துக்கொண்டு வந்திருந்தாள். மூன்று மதியங்கள் நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து படித்தோம். இங்கர் தன் பாஷையில் ஒரு வரி முணுமுணுப்பாள், அதை இங்கிலீஷில் சொல்வாள், செல்வி அதைத் தமிழாக்குவாள். மூன்று வாய் மாறி அந்தக் குரல் என்னிடம் வரும்போது ஜன்னல் வெயில் ஒரு கட்டம் நகர்ந்திருக்கும். தூக்கத்தில் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலவே இருந்தது. இத்தனை வருஷம் கதையாக மட்டுமே இருந்தவள், அன்றைக்கு மூச்சு விட ஆரம்பித்தாள்.

முதல் நாளே பட்டுக் கவுன் போய்விட்டது. "யம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க பெரிய வூட்டுப் பொண்ணுலாம் இல்லையாம்" என்றாள் செல்வி தயங்கித் தயங்கி. "மீன் புடிக்கிறவரு பொண்ணு. அப்பா கடல்ல மூழ்கிப் போயிட்டாரு. பாதிரியார் வூட்ல மூணு கொழந்தைங்கள பாத்துக்கறதுக்கு ஆயாவா வந்திருக்காங்க." பத்தொன்பது வயசு. மரக்காணம் பக்கத்துக் குப்பங்களில் ஓலைக்கூரைக்கு நடுவில் வலை காய்கிறது பார்த்திருக்கிறாயே, அந்த மாதிரி ஒரு மணல் ஊர்தான் அவள் ஊரும். குளிர் மட்டும் எலும்புக்குள் போகுமாம். கப்பலில் மாசக்கணக்காக மூன்று பிள்ளைகளின் வாந்தியைத் துடைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். மெட்ராஸில் கப்பல் தூரத்திலேயே நின்றுவிட, அலையில் படகு தூக்கித் தூக்கிப் போட, ஒரு படகோட்டி அவளைக் குழந்தைபோலத் தூக்கிக் கரையில் இறக்கியிருக்கிறார். அப்புறம் ரயில். திண்டிவனத்துக்கு ரயில் வந்து கொஞ்ச வருஷமே ஆகியிருந்த காலம். ஸ்டேஷனில் இறங்கியபோது வண்டி கட்டிக்கொண்டு காத்திருந்தவர்தான் மாணிக்கம்.

அவரை ஏன் பிடித்தது என்று தங்கை கேட்டு எழுதியிருப்பாள் போலிருக்கிறது. அதற்கு கிறிஸ்தி எழுதிய பதிலை செல்வி இரண்டு தடவை சொன்னாள். "நான் தமிழ் பேசினால் இங்கே எல்லோரும் சிரிக்கிறார்கள். சமையல்காரர், தோட்டக்காரர், குழந்தைகள்கூட. இவர் சிரிப்பதில்லை. நான் மழையை மழலை என்று சொன்னால், மழை என்று மெதுவாகத் திருப்பிச் சொல்லிவிட்டு மாட்டைப் பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறார்." அவ்வளவுதான் கண்ணு. இதுதான் காரணம். நாலு வருஷம் அவர் அவளுக்கு ஒவ்வொரு சொல்லாகக் கொடுத்தார். பாதிரியாரின் மனைவிக்கு உடம்பு முடியாமல் போய் அந்தக் குடும்பம் திரும்பக் கிளம்பியபோது, நான் வரவில்லை என்று இவள் சொல்லிவிட்டாள். பாதிரியார் கத்தினாராம். உனக்குப் புத்தி கெட்டுவிட்டது, ஆறு மாசத்தில் செத்துப்போவாய் என்றாராம். கல்யாணம் செய்து வைக்கவும் மாட்டேன் என்றுவிட்டார். மாணிக்கம் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு, வேறு ஊரில் ஒரு போதகர் சம்மதித்து, இரண்டே சாட்சிகளோடு கல்யாணம் முடிந்தது. உன் கல்யாணத்தைப்போலத்தான். அங்கேயும் மாமியார் வரவில்லை.

மரக்காணம் போகிற வழியில் பிரம்மதேசத்துக்குப் பக்கத்து ஊர் நமக்குப் பூர்வீகம். அங்கே மாணிக்கத்தின் பங்கு நிலத்தில் குடிசை போட்டுக்கொண்டார்கள். பக்கத்துச் சுவர் அண்ணன் வீடு. அண்ணன் மனைவி பெயர் பொன்னி. கையெடுத்துக் கும்பிட்டார்கள் என்று சொன்னேனே, கும்பிடவில்லை. தீண்டவே இல்லை. இவள் கிணற்றடிக்கு வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்பார்களாம். வெயிலில் மல்லாட்டைக் கடலை பிடுங்கப் போனால் தோல் கொப்பளித்து உரிந்தது, அதை வெண்குஷ்டம் என்று நினைத்துக்கொண்டார்கள். கேப்பைக் கூழ் தொண்டையில் இறங்க ஒரு வருஷம் ஆனதாம். மாணிக்கம் நல்லவர். கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. ஆனால் அவர் அவளிடம் அவள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் அழுவாள், அழுதால் போய்விடுவாள் என்று பயந்தாரோ என்னவோ.

ஒரு கோடையில், அறுப்பெல்லாம் முடிந்த சமயம், அவர் வண்டி கட்டிக்கொண்டு அவளை மரக்காணத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார். கடல் காட்டலாம் என்றுதான். வழியில் உப்பளம் வந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், நடுநடுவே வெள்ளைக் குவியல். ஓடும் வண்டியிலிருந்து குதித்து அவள் அந்தக் குவியல் மேல் ஓடினாளாம். தன் ஊர்ப் பனி என்று நினைத்துவிட்டாள். சுட்டெரிக்கிற சித்திரை வெயில் அவளுக்கு உறைக்கவே இல்லை. கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் உப்பு என்று தெரிந்து, அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்கிறாள். மாணிக்கம் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மறு வருஷமும் அறுப்பு முடிந்ததும் தானாக வண்டி கட்டினார். அதற்கடுத்த வருஷமும். ஆறாவது வருஷம்தான், "ஏன் இங்க வந்தா மட்டும் அழுவற?" என்று கேட்டாராம். அன்றைக்கு அந்தப் பாத்தி வரப்பிலேயே உட்கார்ந்து இருட்டும் வரை அவள் பனியைப் பற்றிச் சொன்னாள், அவர் கேட்டார். "இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல நாள் அது" என்று தங்கைக்கு எழுதியிருக்கிறாள். ஆறு வருஷம் கழித்து முதல் நல்ல நாள். நீ ஆறு வருஷம் எடுத்துக்கொள்ளாதே. ஐஸ்வாலில் மாவி வீட்டு வாசலில் நின்றால் என்ன தெரியும், மழை வந்தால் எந்தப் பக்கத்து மலை முதலில் மறையும், எல்லாம் கேள். அழுதால் அழட்டும். அழுதால் போய்விட மாட்டாள்.

மூன்றாம் நாள் மதியம் இங்கர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். செல்வி சொன்னாள், "அவங்க வழக்கம் ஏதாச்சும் உங்க வூட்ல இன்னும் மிச்சம் இருக்குதான்னு கேக்கறாங்கம்மா. சாப்பாடு, பாட்டு, பண்டிகை, எதுனா?" நான் யோசித்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறோம், ஆடி மாசம் கூழும் ஊற்றுகிறோம், அவள் பாஷையில் ஒரு சொல்கூட யாருக்கும் தெரியாது. இங்கர் எழுந்து புறப்படப் போகும் நேரத்தில்தான் எனக்கு நினைப்பு வந்தது. "ஒண்ணே ஒண்ணு இருக்குது. எங்க வம்சத்துல புள்ள பொறந்ததும் பெத்தவளுக்கு முதல்ல மோர் குடுப்போம்" என்றேன். உனக்குத் தெரியாது, இந்தப் பக்கத்தில் யாரும் அப்படிக் கொடுக்க மாட்டார்கள். குளிர்ச்சி, ஜன்னி வந்துவிடும் என்பார்கள். பூண்டும் மிளகும்தான் கொடுப்பார்கள். நீ பிறந்தபோது என் அம்மா உப்புப் போட்ட மோரை டம்ளரில் கொண்டுவந்து நீட்ட, உங்க அத்தை பார்த்துவிட்டு, "இன்னாம்மா, பொண்ணைச் சாவடிக்கப் பாக்கறீங்களா?" என்று சண்டைக்கு வந்துவிட்டாள். என் அப்பா வெளியே நின்றுகொண்டு, "எங்க கிறிஸ்தி கேட்டதும்மா அது. எங்க வூட்ல குடுத்தே ஆவணும். ஒரு வாயாச்சும் குடிக்கட்டும்" என்றார். குடித்தேன்.

செல்வி இதை இங்கிலீஷில் சொன்னாள். பட்டர்மில்க் என்று சொன்னபோது இங்கர் தலையாட்டினாள். தமிழில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டாள். மோர் என்றேன். அவள் கையில் இருந்த காபி டம்ளர் அப்படியே நின்றது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். மோர், மோர் என்று நான் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அப்படியே ஏதோ சொன்னாள். செல்வி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "யம்மா, அவங்க பாஷையில மோர்னா அம்மாவாம்" என்றாள்.

அப்புறம் இங்கர் கட்டிலிருந்து ஒரு கடிதத்தைத் தேடி எடுத்துப் படித்தாள். அதை நான் கேட்டபடியே உனக்கு எழுதுகிறேன். கிறிஸ்திக்கு முதல் பிரசவம் ஒரு பட்டப்பகலில். மாணிக்கம் வண்டி ஓட்டிக்கொண்டு விழுப்புரம் போயிருந்தார். வீட்டில் யாருமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பொன்னி கேப்பை இடித்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு வலி வந்து, அம்மா அம்மா என்று தன் பாஷையில் கத்தினாள். உலக்கைச் சத்தம் நின்றது. இவள் மறுபடி கத்தினாள். அப்புறம் உலக்கைச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. சாயங்காலம் மாணிக்கம் வந்து பார்த்தபோது பிள்ளை நீலம் பாரித்துப் போயிருந்தது. பெண் குழந்தை.

இரண்டு வருஷம் கழித்து மறுபடி வலி எடுத்தது. இந்தத் தடவை அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே கதவைத் தள்ளிக்கொண்டு பொன்னி ஓடி வந்தாளாம், கையில் ஒரு சட்டி மோர். இவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு வாயில் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே அழுதாள். "அன்னைக்கு நீ மோர் மோர்னு கேட்ட. என் காதுல வுழுந்துச்சு. நான்தான் குடுக்கல. குடுத்திருந்தா உன் புள்ள பொழச்சிருக்கும். குடிடி, எல்லாத்தையும் குடி" என்றாளாம். அன்றைக்குப் பிறந்தவர்தான் என் தாத்தா. பொன்னி இரண்டு கையாலும் ஏந்தி வெளியே எடுத்த பிள்ளை.

அதற்கப்புறம் கிறிஸ்தி எழுதியிருப்பதை நான் செல்வியைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி மனசில் வைத்துக்கொண்டேன். "நான் கேட்டது மோர் இல்லை, என் அம்மாவை என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும். நான் சொல்லவில்லை. முதலில் கோபத்தில் சொல்லவில்லை. பிறகு அவள் தினமும் ஒரு சட்டி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தாள். உண்மையைச் சொன்னால் அவள் வருவது நின்றுவிடுமோ என்று பயந்து சொல்லவில்லை. இப்போது சொல்ல முடியாத அளவுக்கு வருஷம் ஓடிவிட்டது. அவளுடைய மருமகளுக்குப் பிள்ளை பிறந்தபோதும் மோர்தான் கொடுத்தாள்." அந்தக் கடிதத்தில் எழுத்தெல்லாம் தப்பும் தவறுமாக இருக்கிறது என்றாள் இங்கர். தாய்மொழியே கிறிஸ்திக்கு மறந்துகொண்டு வந்திருக்கிறது. அதற்குப் பிறகு வந்தவை இரண்டே கடிதங்கள்.

இங்கர் போன பிறகு நான் வெகுநேரம் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என் அப்பா சொன்ன ஒன்று நினைவுக்கு வந்தது. கிறிஸ்தி சாகும்போது அவருக்கு எட்டு வயசு. "கடைசி மூணு நாளு அவங்க தமிழே பேசலம்மா. என்னமோ அவங்க பாஷையிலயே பேசிக்கினு இருந்தாங்க, எங்களுக்கு ஒண்ணும் புரியல. மோர் மோர்ன்னாங்க, அது மட்டும் புரிஞ்சிது. ஊத்துனோம். உள்ள எறங்கல. மறுபடியும் மோர்ன்னாங்க, மறுபடியும் ஊத்துனோம்" என்பார். இதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அவ்வளவு பிரியம் அந்தக் கிழவிக்கு மோர் மேல் என்று நாங்களும் சிரிப்போம். பெற்ற மகனும் பேரப்பிள்ளைகளும் சுற்றி நின்று, ஆசையாக, சங்கு சங்காக மோர் ஊற்றியிருக்கிறார்கள். அவள் தன் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே போயிருக்கிறாள்.

எத்தனை பிரசவம் பார்த்திருக்கிறேன் நான். வலியில் அம்மா அம்மா என்று கத்துகிறவர்களிடம், "கத்தாத. உங்கம்மாவா வந்து பெத்துக் குடுப்பா?" என்று எத்தனை தடவை எரிந்து விழுந்திருக்கிறேன். கண்டாச்சிபுரம் பக்கம் ஒரு செங்கல் சூளையில் வடக்கிலிருந்து வேலைக்கு வந்த சின்னப் பெண் ஒருத்தி. ஒரு சொல் தமிழ் தெரியாது. என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஒரே சொல்லையே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கையைத் தட்டிவிட்டேன். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது, எடை எழுதினேன், ஊசி போட்டேன், என் வேலை முடிந்தது என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவள் என்ன சொன்னாள் என்று இருபது வருஷமாக எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது தோன்றுகிறது.

இனி அந்த போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரியும், ஆனாலும் என் வாயால் நான் சொல்லியாக வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் நீ வீடியோ காலில் மாவியைக் காட்டினாய். மஞ்சள் சுடிதாரில், தலையைப் படிய வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவளைப் பார்த்துப் பேசவில்லை. உன்னிடம் பேசினேன். "மூஞ்சியப் பாத்தாலே வேற நாட்டுக்காரி மாதிரி இருக்கா. நாளைக்குப் பொறக்கற புள்ள யார் ஜாடையில இருக்கும்? என்னை ஊர்ல தலை நிமிந்து நடக்க வுடுவாங்களா?" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். டென்மார்க்காரி ரத்தம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட அதே வாய்தான். அவளுக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்தேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவள் என்னை நேராகப் பார்த்து, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, "சாப்டீங்களா அம்மா?" என்றாள். அதற்காக எத்தனை நாள் பழகியிருப்பாள்! நான் போனை வைத்துவிட்டேன். நீ அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை, கண்ணு. என் தப்பு பெரிய தப்பு. ஆனால் உன்னுடையதும் ஒன்று இருக்கிறது. அவள் பக்கத்தில் நீ நின்றுகொண்டுதான் இருந்தாய், உப்பளத்தில் மாணிக்கம் நின்ற மாதிரி. இனி யாராவது, நானே ஆனாலும், அவளைப் பேசினால் நீ வாயைத் திற.

இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டு. அவளுக்குப் புரிகிற பாஷையில் சொல்லு, எதையும் மழுப்பாதே. செங்கல் சூளைப் பெண்ணையும் சேர்த்துச் சொல்லு. மன்னிக்கச் சொல்லிக் கேட்கிறேன், மன்னிக்காவிட்டாலும் அது அவள் உரிமை. விழுப்புரத்தில் வீடு பார்க்கும்போது ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக, மாடிப்படி அதிகமில்லாத வீடாகப் பார். இரும்பு மாத்திரை விடாமல் சாப்பிடுகிறாளா, கால் வீங்குகிறதா, எனக்கு எழுது. அவளுக்குக் கேப்பையும் மீன் குழம்பும் ஒத்துக்கொள்ளாவிட்டால் கட்டாயப்படுத்தாதே. அவள் ஊர்ச் சாப்பாடு என்னென்ன என்று சொன்னால், திண்டிவனம் மார்க்கெட்டில் கிடைக்கிறதை நான் தேடிப் பார்க்கிறேன். என்னை அவள் பக்கத்தில் வரவிடுவதா வேண்டாமா என்பதை அவளே சொல்லட்டும். நீ அவளுக்காகச் சொல்லாதே.

இன்னொன்று. எட்டாம் மாசம் பிறந்ததும் அவள் அம்மாவை ஐஸ்வாலிலிருந்து வரவழை. எவ்வளவு தூரமானாலும் பரவாயில்லை, பிரசவம் முடிந்து மூன்று மாசம் இங்கேயே இருக்கட்டும். நம் வீட்டில் தங்கினால் எனக்குச் சந்தோஷம். விழுப்புரத்தில் உங்களோடே தங்கினாலும் சந்தோஷம்தான். ஆனால் மலைச்சரிவு, மழை, ரோடு அடைப்பு என்று அவர்கள் வந்து சேர முடியாமல் போகவும் கூடும். அன்றைக்கு அறைக்குள் அவள் பக்கத்தில் நிற்பது நான் ஒருத்தியாக இருக்கவும் கூடும். அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன், மறக்காமல் எழுது. அவர்கள் பாஷையில் அம்மாவை எப்படிக் கூப்பிடுவார்கள்? தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பு, எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவளையே சொல்லச் சொல்லி போனில் பதிந்தும் அனுப்பு. நான் கேட்டுக் கேட்டுப் பழகி வைத்துக்கொள்கிறேன். அவள் கூப்பிடும்போது, யாரைக் கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

உன்
அம்மா